செவிமல்லி பூத்த வீடு

ஓரறிவு உயிருக்கும் ஆறறிவு உயிருக்கும் இடையே ஊழிக்காலமாக நின்றிருந்த மௌனச் சுவர், தாழம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது தளத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடிந்து விழுந்தது. மானுடம் பேசியது. தாவரம் செவிசாய்த்தது. மாலைக்குள் மொட்டுக் கட்டியது. அந்த வரலாற்றுத் தருணத்தில் மானுடத்தின் சார்பில் பேசியவர் லுங்கி கட்டியிருந்தார். இட்லி மாவு புளிக்கவே இல்லை என்பதுதான் அவர் செடியிடம் சொன்ன செய்தி.

அவர் பெயர் திருமேனிநாதன். பெயருக்கு முன்னால் 'சொற்கொண்டல்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது ஒரு வட்டார இலக்கிய மன்றம். கொடுத்த மறுவருடமே மன்றம் கலைந்துவிட்டதால் பட்டத்தைத் திரும்பக் கேட்க ஆளில்லை. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். பட்டிமன்றம், வழக்காடு மன்றம், நூல் வெளியீடு, புதுமனை புகுவிழா என்று எந்த மேடை கிடைத்தாலும் ஏறிவிடுவார். ஏறினால் மணியடித்தாலும் இறங்கமாட்டார். அவர் காலத்தில் மணியடிப்பவர்கள்தான் அடிக்கடி மாறினார்கள்.

மனைவி கோமளம், மகள் எழினியின் பிரசவத்துக்கு டொரன்டோ போனவள். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை இப்போது சைக்கிள் ஓட்டுகிறது. திருமேனிநாதனும் ஒருமுறை அங்கே போய் இருந்து பார்த்தார். அவரைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறவர்கள் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

செவிமல்லி அப்போது புதுசு. ஓசூர் பக்கம் ஏதோ ஓர் ஆய்வகத்தில் மல்லிகையின் மரபணுவில் கைவைத்து உண்டாக்கிய செடி. 'பேசுங்கள், பூக்கும்' என்பது விளம்பரம். பேச்சு என்றால் நான் என்று அவர் நாலு தொட்டி வாங்கி பால்கனியில் வரிசையாக வைத்தார். வைத்த அன்றே செடிகளுக்குத் தலைமையுரை ஆற்றினார். மறுநாள் சிறப்புரை. இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. இலை தழைத்தது, கொடி ஏறியது, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஒரு பையன் எடுத்தான்.

"தினமும் பேசுறீங்களா சார்?"

"பேசுகிறேனா? தம்பி, நான் பேசி ஊர் ஊராக அழுதிருக்கிறார்கள்."

"அதில்ல சார். எப்படிப் பேசுறீங்க?"

"அறம், பொருள், இன்பம் என்று தலைப்புப் பிரித்துக்கொண்டு. நடுவில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு."

"நடுவுல நிறுத்துவீங்களா?"

"தண்ணீர் குடிக்க."

"அதான் சார் விஷயம். அந்தச் செடிக்குப் பேச்சு முக்கியமில்ல. பேசிட்டு நிறுத்துவோம்ல, எதிர்ல இருக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு? அந்தக் கேப்புதான் முக்கியம். ஒரு குரல் வந்து, நின்னு, அதுக்கு வேற குரல் எதுவும் வரலேன்னா வேர்ல ஒண்ணு சுரக்கும். அதுதான் மொட்டா வருது. நீங்க நிறுத்தவே மாட்டேன்னா அது என்ன சார் பண்ணும்?"

"அப்படியானால் என் சொற்பொழிவு?"

"செடிக்கு அது மிக்ஸி ஓடற மாதிரி சார்."

திருமேனிநாதன் போனை வைத்துவிட்டார். நாற்பது வருட நாவன்மையை மிக்ஸி என்று சொன்ன நாகரிகத்தோடு அவருக்குப் பேச எதுவும் இல்லை. செடிகளோடும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினார். அப்படிப் பேசாமலிருந்த நாட்களில் ஒன்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சமையலறையிலிருந்து மாவுப் பாத்திரத்தோடு பால்கனிக்கு வந்தவர், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "மாவு புளிக்கவே இல்ல," என்றார். நேத்து மழை பேஞ்சுதுல்ல, அதான் என்று யாரோ சொல்லப்போவதுபோல ஒரு கணம் நின்றார். யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் கணுவில் வெள்ளையாக ஒரு முனை.

அதற்குப் பிறகு அவர் மேடைத் தமிழைச் செடிகளிடம் எடுக்கவில்லை. முதுகில் கை எட்டாத இடத்தில் அரிக்கிறது என்றார். கோமளத்தின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது, அனுப்பவா, வேண்டாமா என்று கேட்டார். லிஃப்டில் ஒருவன் வணக்கம் சொல்லாமல் போனான் என்றார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நின்றார். நாலு தொட்டியும் நுரை தள்ளியதுபோலப் பூத்தன. கீழே நடைப்பயிற்சி போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் 'சொல்லின் வலிமை' என்ற தலைப்பில் அவர் நீண்ட செய்தி ஒன்றைப் போட்டார். மூன்று பேர் கைகூப்பினார்கள்.

பெருமை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. செவிமல்லி எண்ணிக் காட்டுவது பதில் வராத பேச்சைத்தான் என்று யாரோ ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். எண்ண முடிகிற எதுவும் அரசாங்கத்துக்குப் பிடிக்கும். தோழமை வாரியம் என்று ஒன்று பிறந்தது. வீட்டுக்கு ஒரு செவிமல்லி கட்டாயம் என்றது. வருடம் ஒருமுறை ஆள் வந்து பார்க்கும். ஒரு கைப்பிடிக்குமேல் பூத்திருந்தால் அந்த வீட்டுக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் குடும்பத்தாருக்குத் தகவல் போகும். தனியாக இருப்பவரை இல்லத்தில் சேர்க்க வழிசெய்வார்கள். பூவைப் பறித்து மறைக்கவும் முடியாது. பறித்த இடத்தில் காம்பில் கறுப்பாகத் தழும்பு விழும். தழும்புக்கும் சிவப்புதான்.

ஊர் சட்டென்று புத்திசாலியாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்காருமுன் பால்கனிக்குப் போனார்கள். மாமியார் இருக்கிற வீட்டில் தொட்டி பூத்திருந்தால் மருமகளை ஒரு மாதிரி பார்த்தார்கள். புதுசாகக் கல்யாணமான வீட்டில் பூத்தால் காபிகூடக் குடிக்காமல் எழுந்தார்கள். மொட்டையாக நிற்கும் செவிமல்லிதான் குடும்ப கௌரவம் என்றாயிற்று.

அந்தக் கௌரவம் திருமேனிநாதனின் பக்கத்து வீட்டுக்கு ஏராளமாக இருந்தது. அங்கே மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு தூத்துக்குடிக்கார அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவர்கள் தொட்டி முடியிறக்கிய தலைபோல இருக்கும். வாரியத்துக்காரர்கள் அவர்கள் கதவில் பச்சை நட்சத்திரம் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று திருமேனிநாதன் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்ததால் அவர் வீடு அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போயிருந்தது. இரண்டு பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அதைத் தாண்டி அந்த மொட்டைத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் திருமேனிநாதனுக்கு வயிறு எரியும்.

தன் வீடும் ஆள் நடமாட்டம் உள்ள வீடுதான் என்று காட்ட அவர் ஒரு வழி வைத்திருந்தார். பழைய பட்டிமன்ற ஒலிப்பதிவுகளைக் காலையில் ஹாலில் போட்டுவிடுவார். சிரிப்பும் கைதட்டலும் சுவர் தாண்டிக் கேட்கும். பிறகு லிஃப்டில் அந்த அம்மாளைப் பார்த்தால் சலித்துக்கொள்வார்.

"நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் அம்மா. எழுந்திருக்க மனசே வரமாட்டேன் என்கிறது அவர்களுக்கு."

"குடுத்து வச்சவுக சார் நீங்க," என்பாள் அவள்.

மகளை அப்படி ஏமாற்ற முடியவில்லை.

"அப்பா, அடுத்த மாசம் வாரியத்துக்காரங்க வர்றாங்க," என்றாள் எழினி போனில். "சிவப்பு விழுந்துச்சுன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன். செங்கல்பட்டு பக்கம் அந்த இல்லத்துல சேர்த்துடுவேன். அம்மாவும் சரின்னுட்டாங்க."

"அங்கே என்ன செய்வார்கள்?"

"பேச்சுத்துணைக்கு ஆள் வச்சிருக்காங்க. எட்டு பேருக்கு ஒருத்தர். ஷிஃப்ட் போட்டு வருவாங்க."

"எனக்கா பேச்சுத்துணை? எழினி, இதோ இப்போதுகூட வீடு நிறைய ஆட்கள்." அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். ஹாலில் கைதட்டல் அதிர்ந்தது.

"அது மதுரைப் பேச்சுப்பா," என்றாள் எழினி. "நடுவுல இருமுறது நான்தான். காய்ச்சலோட கூட்டிட்டுப் போனீங்க."

அன்றிலிருந்து அவர் வாயை மூடினார். எட்டு பேரில் ஒருவராக, முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து பேசுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சுக்குக் காபி நாக்கைச் சுட்டாலும் 'ஸ்' என்று சொல்லவில்லை. செய்தியில் தப்புத் தமிழ் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். பேச்சில்லாமல் போனதும் பூக்கள் தாமாக வாடி உதிர்ந்தன. மூன்று தொட்டிகள் கௌரவமாக மொட்டையாயின. சுவரோரம் இருந்த நாலாவது தொட்டி மட்டும் புதுசு புதுசாகப் பூத்துக்கொண்டே இருந்தது.

தூக்கத்தில் உளறுகிறோமோ என்று பயம் வந்தது. மதியம் படுக்கும்போது துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பல்வலிக்காரனைப்போல ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். செடி அசரவில்லை. பூத்தது.

ஒருநாள் மதியம் கரண்டு போயிற்று. ஏசி நின்றதும் புழுக்கத்தில் விழித்துக் கதவைத் திறந்தார். பால்கனியில் யாரோ பேசும் சத்தம். எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டம்மாள் சுவரில் முழங்கையை ஊன்றி, அவருடைய நாலாவது தொட்டியின் பக்கம் குனிந்து நின்றிருந்தாள்.

"...சரி, பிள்ளைக வர்ற நேரமாச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்லுதேன்," என்று கொடியைத் தடவிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள், தலையில் துண்டோடு நின்ற அவரைப் பார்த்தாள்.

"என்ன சார், பல்லா?"

"அம்மா, என் செடியிடம் நீங்கள் பேசலாமா?" மேடைக்குரல் எழும்ப வேண்டிய இடம்தான். தாடைக்கட்டு விடவில்லை.

அவள் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்ல நாலு பேரு சார், ஆறு போனு. நான் அடுப்படில நின்னு எதையாது கேட்டா ஒரு 'ம்' வராது. எங்க தொட்டிட்ட பேசுனா மருமவ கண்டுபிடிச்சிருவா. வேலைவிட்டு வந்ததும் டார்ச் அடிச்சுல்லா பாக்கா."

"அதற்கு என் தொட்டியா கிடைத்தது?"

"உங்களுக்குத்தான் தெனமும் கூட்டம் வருதே சார். கைதட்டு கேக்குது, சிரிப்பு கேக்குது. அவ்வளவு சனம் வந்துபோற வீட்ல நாலு பூ கூடுதலா பூத்தா யாரு என்ன சொல்லப்போறான்னு நெனச்சேன். தப்பா?"

திருமேனிநாதன் துண்டை அவிழ்த்தார். மெதுவாக மடித்தார்.

"அது ஒலிப்பதிவு," என்றார்.

"எது?"

"கைதட்டு. பழையது."

அவள் சிரிக்கவில்லை. "அதான் அந்தப் பிள்ளைக்கு இருமலே நிக்கலையோ. நானும் கசாயம் குடுத்தனுப்பலாமான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

வாரியத்துக்காரர்கள் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. சிவப்பு விழுந்தால் தனக்கு என்ன ஆகும் என்பதை அவர் சொன்னார். செங்கல்பட்டு, எட்டு பேருக்கு ஒரு ஆள் எல்லாவற்றையும். அவளுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு அவளே வழியும் சொன்னாள்.

"பதில் வந்துட்டா செடி பூக்காதுல்லா? நான் இனிமே இதுட்ட பேசல. நீங்க என்ட்ட பேசுங்க, நான் உங்கட்ட பேசுதேன். பூத்தது அதுபாட்டுக்கு உதிர்ந்திரும்."

மறுநாள் மதியம் அவள் தன் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அவர் தன் பக்கம் சுவரை ஒட்டிச் சாய்வு நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டார். நாலாவது தொட்டி அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது.

திருமேனிநாதன் வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. மதுரையில் நடுவராக இருந்தவர் பொறாமையில் தன் தீர்ப்பை மாற்றிய கதையைச் சொன்னார். "பெறவு அந்த ஆளு உங்க மொகத்துல முழிச்சானா?" என்று கேட்டாள். ஈரோட்டில் மழையில் பந்தல் சரிந்தபோதும் தான் பேச்சை நிறுத்தாததைச் சொன்னார். "கரண்டு போயிருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்றாள். கோமளம் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் தூங்கிவிடுவாள் என்றார். "தூங்கட்டுமே, அவுகளுக்கு உங்க குரலு பழகிருக்கும்," என்றாள். அந்தக் கோணத்தில் அவர் அதை யோசித்ததே இல்லை. விமான நிலையத்தில் கோமளம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபிறகு திரும்பிப் பார்க்கவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அதையும் சொன்னார். அதற்கு அவள் எதையும் சமாதானமாகச் சொல்லாமல், "அய்யோ" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவளும் தன் பங்குக்கு ஏதாவது சொல்வாள். வீட்டு விஷயங்கள். யாருக்கோ உடம்பு, யாரோ ஊருக்குப் போனது. அந்த நேரத்தில் அவர் தலையை ஆட்டிக்கொண்டே, அடுத்து எந்த ஊர் மேடையைச் சொல்லலாம் என்று மனதில் அடுக்குவார்; அடுக்கி முடிந்தபிறகுதான் வாய் திறப்பார். ஒருநாள் அவள் சொல்லிக்கொண்டு வந்தபோது குரல் கம்மி, நின்றுவிட்டது. ஏதோ கேட்டாள் என்றுகூடத் தோன்றியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்; மனதில் திருச்சி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் அவர் முகச்சவரம் தவறாமல் செய்துகொண்டார். ஒலிப்பதிவு போடுவதை விட்டுவிட்டார். மகள் கூப்பிட்டபோது, "வரட்டும், வாரியம் வரட்டும்," என்றார். தொட்டிகளைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. தண்ணீர்கூடச் சொட்டுநீர்க் குழாய்தான் பார்த்துக்கொண்டது.

வாரியத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் நஸ்ரின் என்று அடையாள அட்டையில் இருந்தது. காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கிய களைப்பு முகத்தில். திருமேனிநாதன் அவளைப் பால்கனிக்கு வரவேற்று அழைத்துப்போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மாள் துணி மடிக்கிறவளைப்போல நின்றிருந்தாள். அவள் வீட்டு ஹாலில் மருமகள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மூணும் சுத்தமா இருக்கு சார்," என்றாள் நஸ்ரின். சாய்வு நாற்காலியை நகர்த்தினாள். "இது?"

நாலாவது தொட்டியில் இலை தெரியவில்லை. அத்தனையும் பூ.

"இருக்க முடியாது," என்றார் திருமேனிநாதன். "இந்த இடத்தில் தினமும் உரையாடல் நடந்திருக்கிறது. இதோ, இந்த அம்மாவிடமே கேளுங்கள்."

செடியில் பதிந்த குரல்களைப் படிக்கும் ஒரு சின்னக் கருவியை நஸ்ரின் தண்டில் மாட்டினாள். கைத்திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ரெண்டு குரல் பதிவாயிருக்கு. ஆம்பளைக் குரல் ஒண்ணு, அது நிறைய. அது நிக்கற எடத்துல எல்லாம் பொம்பளைக் குரல் வந்திருக்கு. அதுக்கு ஒரு மொட்டுகூட வைக்கல." அவள் பக்கத்து வீட்டம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்தப் பூவெல்லாம் பொம்பளைக் குரலுக்கு வந்தது. அது பேசி நின்ன எடத்துல எதுவும் வரல."

சுவருக்கு அந்தப் பக்க ஹாலில் மருமகளின் போன் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டம்மாள் கையிலிருந்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

"செடி என்னுடையது," என்றார் திருமேனிநாதன் அவசரமாக. "எதுவானாலும் என் பெயரில் எழுதுங்கள்."

"உங்க பேர்லதான் சார் வரும். தொட்டி உங்க பக்கம்தான இருக்கு." நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். அவளுக்கும் சிவப்பு போடுவதில் ஆசையில்லை. போட்டால் வேலை அதிகம். "ஒரு வழி இருக்கு. நீங்க தலையாட்டிக் கேட்டுட்டு இருந்திருக்கலாம், அது செடிக்குத் தெரியாது. அவங்க சொன்னதுல ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. உரையாடல்தான்னு பதிவு பண்ணிட்டு நான் போயிட்டே இருப்பேன்."

"ஒன்று என்ன, ஓராயிரம் சொல்வேன்," என்றார் அவர். தோளில் இல்லாத துண்டைச் சரிசெய்தார். "மானுட உறவின் மாண்பு எதில் இருக்கிறது என்றால்..."

"அதெல்லாம் வேண்டாம் சார். சின்ன விஷயம் போதும். வீட்ல என்ன கொழம்புன்னு சொல்லியிருந்தாகூடப் போதும்."

முன்னூறு வெண்பாக்கள் மனப்பாடமாக இருந்த தலைக்குள் அவர் துழாவினார். மதுரை இருந்தது. ஈரோடு இருந்தது. திருச்சி இருந்தது. அவளுடைய 'பெறவு?' இருந்தது, 'அய்யோ' இருந்தது. எல்லாம் அவர் கதைக்குள் வந்தவை. அவள் குரல் கம்மிய அந்த மதியத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. சுவரில் கைவைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர்களுக்கு... ஊர் தூத்துக்குடி," என்றார்.

"அது என் பேச்சுலயே தெரியும் சார்," என்றாள் அவள், கோபமில்லாமல்.

நஸ்ரின் கைத்திரையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். "சரி சார். அவங்க பேராவது சொல்லுங்க. அத வச்சு ஏதாச்சும் எழுதிக்கறேன்."

அவள் பெயர் அவருக்குத் தெரியாது.